மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு அரசு உதவி: எதை முதலில் கேட்பது?

குழந்தைக்கு இன்ன குறைபாடு என்று மருத்துவர் சொன்ன அன்றே உறவினர் யாராவது, கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் மாதாமாதம் பணம் வருமாமே என்று ஆரம்பித்துவிடுவார்கள். சொல்வது தவறில்லை. ஆனால் அந்த மனுவோடு இணைக்க வேண்டிய சான்றிதழ், அந்தச் சான்றிதழுக்கு வேண்டிய பரிசோதனை, பரிசோதனைக்கு முன் சரியாக இருக்க வேண்டிய ஆதார், இவையெல்லாம் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. வரிசை பிசகினால் பஸ் செலவும் விடுப்பும்தான் மிச்சம்.

தமிழ்நாட்டில் இந்த உதவிகள் ஒரே மேசையில் இல்லை. உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத் துறையில், சான்றிதழ் அரசு மருத்துவமனையில், பள்ளி சார்ந்தவை கல்வித் துறையில், காப்பாளர் நியமனம் கலெக்டர் தலைமையிலான குழுவில். ரயில்வேயும் வருமான வரித் துறையும் தனித் தனி உலகங்கள். ஓர் அலுவலகத்தில் கொடுத்த காகிதம் அடுத்த அலுவலகத்துக்குத் தானாகப் போகாது. அண்மையில் ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் சில இடங்களில் வந்திருக்கின்றன. உங்கள் வட்டாரத்தில் ஒன்று இருந்தால் முதலில் அங்கே போய் விசாரியுங்கள். இல்லாதவர்கள் கீழே உள்ள வரிசையில் போகலாம்.

சான்றிதழுக்காகப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்

குழந்தைக்கு ஆறு வயதுக்குள் என்றால் முதல் வேலை அட்டை அல்ல, பயிற்சி. தேசிய சிறார் நலத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கானது. நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கும் ஒரு முறை அரசுப் பள்ளிக்கும் வர வேண்டும். அவர்கள் அனுப்பும் இடம் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம். பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்திலேயே இருக்கும். குழு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீங்களே நேராகப் போகலாம். இயன்முறை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, உளவியல் மதிப்பீடு எல்லாம் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும். சென்னையைச் சுற்றி இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் உண்டு.

இங்கே கிடைக்கும் ஒவ்வொரு சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பிறந்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, வலிப்புக்கு எடுத்த இஇஜி, எம்ஆர்ஐ அறிக்கை ஆகியவற்றின் அசலை ஒரு கோப்பிலும் நகல்களை இன்னொரு கோப்பிலும் வையுங்கள். அசலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். “நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்று எவ்வளவு கனிவாகச் சொன்னாலும் சரி.

பெயர், ஆதார், வங்கிக் கணக்கு

சலிப்பான வேலைதான். ஆனால் பாதி மனுக்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். பிறப்புச் சான்றில் ‘கார்த்திக்’, ஆதாரில் ‘கார்த்திக் ராஜா’, ரேஷன் கார்டில் பெயரே இல்லை என்றால் எந்தக் கணினியும் உங்களை அடுத்த பக்கத்துக்கு விடாது. பிறப்புச் சான்றில் உள்ள பெயரையும் தலைப்பெழுத்தையும் அடிப்படையாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதற்கு இணையாகத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே கைரேகை இல்லாமலே ஆதார் கிடைக்கும். ஐந்து வயதானதும் கைரேகையும் கருவிழியும் பதிய வேண்டும். கை விரல்கள் இறுகிப்போன குழந்தைக்கும், கண்ணை ஓரிடத்தில் நிறுத்த முடியாத குழந்தைக்கும் இது பெரும்பாடு. இயந்திரம் எடுக்க மறுத்தால் ‘முடியாது’ என்று திருப்பி அனுப்புவார்கள். அப்படித் திரும்பி வர வேண்டியதில்லை. உயிரியல் அடையாளத்தில் விலக்கு அளித்துப் பதிவு செய்ய ஆதார் விதிகளிலேயே இடம் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். அந்த மையத்தில் நடக்காவிட்டால் வேறு மையத்துக்குப் போங்கள். பிறகு குழந்தை பெயரில், தாயோ தந்தையோ காப்பாளராக ஒரு வங்கிக் கணக்கு.

மருத்துவச் சான்று: நிதானமாகச் செய்ய வேண்டியது

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பழைய 1995 சட்டத்தில் இருந்தவை ஏழுதான். ஆட்டிசம், தசைச்சிதைவு, கற்றல் குறைபாடு, தலசீமியா எல்லாம் புதிய சட்டத்தில் பெயர் சொல்லியே இடம் பெற்றிருக்கின்றன. ‘இதற்கெல்லாம் சான்று கிடையாது’ என்று யாராவது பழைய நினைப்பில் சொன்னால் இந்தச் சட்டத்தைக் காட்டுங்கள். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும்.

சான்று தருவது அரசு மருத்துவமனை. இதற்கென்று வாரத்தில் குறிப்பிட்ட நாள் இருக்கும்; அது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் போகும் குழந்தை என்றால் எளிதான வழி ஒன்று உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்கள் மருத்துவ மதிப்பீட்டு முகாம்களை நடத்துகின்றன. எலும்பு, கண், காது, மனநல மருத்துவர்கள் ஒரே இடத்துக்கு வருவார்கள். அடையாள அட்டைக்கான பதிவும் அங்கேயே நடக்கும். முகாம் எப்போது என்று பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டு வையுங்கள்.

சதவீதம் எப்படி வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அறிவுசார் குறைபாட்டுக்குக் குழந்தையைச் சோதிப்பதோடு பெற்றோரிடமும் கேள்விகள் கேட்பார்கள். வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்பது அதன் பெயர். தானே சாப்பிடுகிறானா? சட்டைப் பொத்தான் போடுவாளா? கழிப்பறைக்குத் தனியாகப் போவானா? தெருவைத் தாண்டுவாளா?

இந்த இடத்தில் தாய்மார்கள் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். “சாப்பிடுவான் சார், அவனே சாப்பிடுவான்” என்று ஒரு பெருமையில் சொல்லிவிடுகிறார்கள். இட்லியைப் பிய்த்துத் தட்டில் வைத்து, எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் கையைத் தூக்கிவிட்டால் சாப்பிடுவான் என்பதுதான் உண்மை. பொத்தான் போடுவாள் என்றால் எத்தனை பொத்தான், எவ்வளவு நேரத்தில், யார் உதவியோடு என்று சொல்ல வேண்டும். ஒரு நல்ல நாளில் செய்ததைச் சொல்லாதீர்கள். வழக்கமான செவ்வாய்க்கிழமைக் காலையில் என்ன நடக்கிறதோ அதைச் சொல்லுங்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி இந்த அளவுகோலில் 55 முதல் 69 வரை மதிப்பெண் என்றால் 50 சதவீதம். 36 முதல் 54 வரை என்றால் 75 சதவீதம். இரண்டு மதிப்பெண் இடைவெளி 25 சதவீத வித்தியாசமாகிவிடும். முந்தைய நாளே வீட்டில் உட்கார்ந்து, குழந்தை உதவியில்லாமல் செய்வது, உதவியோடு செய்வது, செய்யவே முடியாதது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இன்னொரு சங்கதி. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை எலும்பு மருத்துவர் மட்டும் பார்த்து 60 சதவீதம் என்று எழுதி அனுப்பிவிடுவது உண்டு. அறிவுசார் குறைபாடும் இருந்தால் அதையும் மதிப்பிடச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்க்க ஒரு சூத்திரம் இருக்கிறது: 90இலிருந்து பெரிய சதவீதத்தைக் கழித்து, மீதியைச் சிறிய சதவீதத்தால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வருவதைப் பெரிய சதவீதத்தோடு கூட்ட வேண்டும். 60, 50 என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 77. உதவித்தொகைக்கான சில பிரிவுகளில் 75 என்பதுதான் எல்லைக்கோடு என்பதால் இந்தக் கணக்கு வெறும் கணக்கு அல்ல.

அறிவுசார் குறைபாட்டுக்கு ஐந்து வயதுக்கு முன் ‘ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்’ என்ற பெயரில் தற்காலிகச் சான்றுதான் கிடைக்கும். 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18இல் தருவது வாழ்நாள் சான்று. கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்கு முன் சான்று இல்லை. சதவீதம் நியாயமற்றது என்று தோன்றினால் அந்த அறையில் வாதாட வேண்டாம். சட்டத்தின் 59ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி தருகிறது. எழுத்து மூலம் கேளுங்கள்.

அடையாள அட்டை

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தரும் தேசிய அடையாள அட்டையும், நாடு முழுவதற்குமான தனித்துவ அடையாள அட்டையும் (எல்லோரும் யுடிஐடி என்றே சொல்கிறார்கள்) வேறு வேறு. பழைய அட்டை இருப்பவர்களும் யுடிஐடிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கான ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் நீங்களே பதியலாம். இ-சேவை மையத்திலும் செய்வார்கள். 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம் என மூன்று நிற அட்டைகள். 2024இல் திருத்திய விதிப்படி விண்ணப்பித்த மூன்று மாதத்துக்குள் சான்று தர வேண்டும். இரண்டு ஆண்டு முடிவாகாமல் கிடந்த விண்ணப்பம் செயலற்றுப்போகும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு அவ்வப்போது நிலையைப் பாருங்கள். மொபைல் எண்ணை மாற்றாமல் இருப்பதும் நல்லது. எல்லாத் தகவலும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

மாதப் பராமரிப்புத் தொகை

அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்கள், கை கால் கடுமையாகப் பாதிக்கப்பட்டு 75 சதவீதத்தைத் தொட்டவர்கள், தசைச்சிதைவு நோயுள்ளவர்கள் போன்றோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறை பராமரிப்புத் தொகை தருகிறது. மாதம் 1500ஆக இருந்தது 2000 ரூபாயாக உயர்ந்தது. மனுவை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கொடுக்க வேண்டும்: அட்டை, மருத்துவச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்துக் காத்திருக்க நேரலாம். ஆகவே சான்று கைக்கு வந்த வாரமே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

வருவாய்த் துறை தாலுகா அலுவலகம் வழியே தரும் ஓய்வூதியம் வேறு. ஒருவருக்கு இரண்டும் கிடையாது. இரண்டு இடத்திலும் மனுப் போட்டு வைப்போம், எது வருகிறதோ வரட்டும் என்று நினைத்தால் ஒன்று மற்றதை நிறுத்தும்.

இதே அலுவலகத்தில்தான் சக்கர நாற்காலி, மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான சிறப்பு நாற்காலி, காது கேட்கும் கருவி எல்லாம். அளவெடுக்காமல் தரும் நாற்காலியை வாங்கி வராதீர்கள். முதுகும் இடுப்பும் பொருந்தாத நாற்காலி ஒரு மாதத்தில் துணி காயப் போடும் இடமாகிவிடும். குழந்தையின் முதுகும் கோணும். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் தாய்மார்களுக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் தரும் திட்டம் ஒன்றும் இருக்கிறது. வீட்டை விட்டு நகர முடியாத தாய்க்கு அது உதவும், கேட்டால்தான் சொல்வார்கள்.

பள்ளி

அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காரணம் காட்டிக் குழந்தையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதும் உங்கள் தேர்வு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் உள்ள 25 சதவீத ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்’ பட்டியலில் வருகிறார்கள். வருமானச் சான்று கேட்கப்படுவது நலிவடைந்த பிரிவினருக்குத்தான், இவர்களுக்கு அல்ல. பல பள்ளி அலுவலகங்களுக்கே இது தெரியாது.

பள்ளிக்கே வர முடியாத குழந்தைக்கு வீட்டுக்கு வந்து கற்பிக்கும் சிறப்பு ஆசிரியர் உண்டு. வட்டார வள மையத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். துணைக்கு வருபவருக்கும் போக்குவரத்துக்கும் படி, பெண் குழந்தைகளுக்கு ஊக்கத்தொகை ஆகியவை அந்த மையத்தின் வழியாகத்தான் வரும். ஒன்றாம் வகுப்பு முதல் மாநில அரசின் கல்வி உதவித்தொகையும் இருக்கிறது; அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாட விலக்கு ஆகியவற்றைப் பெறலாம். பள்ளி வழியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் ஓடினால் நடக்காது. ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே மருத்துவச் சான்று தயாராக இருக்கட்டும்.

பயணம், காப்பீடு, வரி

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. வெளியூர் அரசுப் பேருந்தில் 75 சதவீதச் சலுகை. ரயிலுக்கு ரயில்வேயின் சொந்தப் படிவத்தில் அரசு மருத்துவர் கையொப்பமிட்ட தனிச் சான்று வேண்டும். அதைக் கொண்டு ரயில்வேயின் அடையாள அட்டை வாங்கிக்கொண்டால் இணையத்திலேயே சலுகை டிக்கெட் எடுக்கலாம். துணையின்றிப் பயணம் செய்ய முடியாத குழந்தைக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம். துணைக்கு வருபவருக்கும் அதே அளவு.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் ‘நிராமயா’ காப்பீட்டைத் தவற விடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை. மருத்துவமனையில் படுக்காமலே எடுக்கும் பயிற்சிகளுக்கும் மருந்துக்கும் இது பணம் தரும். சேர்வதற்கு முன் பரிசோதனை எதுவும் கிடையாது. மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியே சேர வேண்டும். மார்ச் 31இல் காலாவதியாகும்; புதுப்பிக்க மறந்தால் பாதுகாப்பு போய்விடும். பயிற்சி மையத்தில் ஒவ்வொரு முறையும் தேதியும் முத்திரையும் உள்ள ரசீது வாங்குங்கள். காப்பீட்டுக்கு அசல்தான் வேண்டும். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் வருகிறது. ஆறு வயதுக்குள் செய்ய வேண்டும் என்பதால் இதை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள்.

வருமான வரி கட்டுபவர்கள் பழைய வரி முறையில் இருந்தால், 80டிடி பிரிவில் 75,000 ரூபாயும், குறைபாடு 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம். செலவுக் கணக்கு காட்ட வேண்டியதில்லை. அரசு ஊழியர்கள் பணியில் இருக்கும்போதே பணிப் பதிவேட்டில் குழந்தையின் குறைபாட்டைப் பதிவு செய்துவிட வேண்டும். சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு வயது வரம்பின்றிக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க அதுதான் அடிப்படை. பெற்றோர் இருவரும் போன பிறகு அண்ணனோ அக்காவோ இதை நிரூபிக்க அலைவது மிகவும் கடினம்.

பதினெட்டு வயது

சட்டத்தின் கண்ணில் 18 வயதான அன்று உங்கள் பிள்ளை தனி மனிதர். அதுவரை இயல்பான காப்பாளராக இருந்த உங்கள் கையொப்பம் வங்கியில் செல்லாது. அதனால் வரவில் இருந்த உதவித்தொகையை எடுக்க முடியாமல் போகும். மேலே சொன்ன நான்கு குறைபாடுகளுக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்படியான காப்பாளரை நியமிக்கும். தாயோ தந்தையோ விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியும் இந்தச் சான்றை ஏற்க வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பதினேழரை வயதிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள். பிள்ளைக்குச் சொத்து இருந்தால் நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பிறகு ஆண்டுதோறும் கணக்கும் தர வேண்டிய கடமை காப்பாளருக்கு உண்டு.

பதில் வராதபோது

எந்த மனுவையும் இரண்டு பிரதியாக எடுத்துப் போங்கள். உங்கள் பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்காமல் நகராதீர்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன எதற்கும் அலுவலகத்தில் நினைவு இருக்காது. பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில், அந்த முத்திரையிட்ட நகலோடு கலெக்டரிடம் மனு. 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணிலும் பதியலாம். தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ‘இன்ன தேதியிட்ட என் மனுவின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பதால் பல கோப்புகள் இதற்கே அசைந்துகொடுக்கும். அதற்கும் மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். சாட்சிகளை வரவழைப்பதிலும் ஆவணங்களைக் கேட்பதிலும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. பள்ளி சேர்க்க மறுத்தது போன்ற வழக்குகளை நேராக அவரிடமே கொண்டுபோகலாம், வக்கீல் தேவையில்லை.

மருத்துவமனை வாசலில் ‘சதவீதத்தைக் கூட்டி வாங்கித் தருகிறேன்’ என்று வருபவரிடம் பேச்சே வேண்டாம். பொய்யான சான்றால் சலுகை பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது 91ஆம் பிரிவு. வழக்கு உங்கள் பெயரில் வரும், அவர் பெயரில் அல்ல.